மென்பொருள் வழுவும் அரசின் செவியும்

பகைவரின் மறைகளை அறிதற்கு ஒற்றரை ஏவுதல் அரசர்க்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கம். திருக்குறளிலே ஒற்றாடல் என ஓர் அதிகாரம் வகுக்கப்பட்டிருத்தல் யாவரும் அறிந்ததே. ஆயின், தன் சொந்தக் கோட்டை மதிலில் எவ்விடத்தே வெடிப்புண்டு என்பதனைத் தான் ஏவாத, தான் ஊதியங் கொடாத, சில வேளைகளிற் பெயர்தானும் அறியாத ஒருவரிடமிருந்து கேட்டறியும் நிலை அரசுக்கு நேர்ந்தது கணினி யுகத்திலேயாகும். அங்ஙனம் பொதுமக்கள் கொணரும் அறிவிப்புக்களை அரசுகள் எவ்வாறு பெறுகின்றன, பெற்றபின் அவற்றை என்ன செய்கின்றன என்பன பற்றி ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் வழு என்பது யாதென அறிதல் வேண்டும். கணினிக்கு மனிதர் எழுதிவைக்கும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். மனிதர் எழுதுவதாகலின் அதன்கண் வழு நேர்தல் இயல்பே. இலக்கண நூலார் திணை முதல் மரபு ஈறாக வழுவினை எழுவகையாக்கினர். மென்பொருள் வழுவை இத்துணை வகையென எண்ணி முடித்தார் எவருமிலர். கூட்டற் கணக்குத் தவறுமாயின் அது வெறும் பிழை. அந்நியன் உட்புகுதற்கு வழி திறந்துவிடுமாயின் அதுவே காப்பு வழுவாம். 2014 ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் வழுவை எடுத்துக்கொள்வோம். இணையத்திலே இரு கணினிகள் தொடர்பு கொண்டிருக்கையில், அத்தொடர்பு அறாதிருக்கின்றதா என்றறியும் பொருட்டு ஒன்று மற்றதற்கு ஒரு சொல்லை அனுப்பி, அதன் நீளத்தையுங் கூறி, அதனைத் திருப்பியனுப்புமாறு கேட்கும். நான்கெழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு அதன் நீளம் பல்லாயிரம் எழுத்தெனப் பொய் கூறின், மறுகணினி அந்நீளத்தைச் சரிபாராமல், தன் நினைவகத்தில் அச்சொல்லை அடுத்துக் கிடந்தவற்றையெல்லாம் வாரி வழங்கிற்று. அவற்றுட் பிறருடைய கடவுச்சொற்கள் கிடத்தலுங் கூடும். கனடா அரசின் வரித் திணைக்களத்திலிருந்து ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் இவ்வழியே களவாடப்பட்டன. ஈராண்டுக்கு மேலாக உலகின் எண்ணிறந்த கணினிகளில் இவ்வழு எவர் கண்ணிலும் படாது கிடந்தது. எழுதியவர் கண்ணுக்குத் தப்பியது பிறர் கண்ணுக்குப் புலப்படுகின்றது. அதனாலேயே பிறருடைய கண்கள் அரசுக்கு வேண்டியனவாயின.

அறிவிப்புக்களைத் திரட்டும் முயற்சி ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1988 நவம்பர் 2 ஆந் திகதி, கோர்ணல் பல்கலைக்கழக மாணவராயிருந்த றொபேட் மொறிஸ் என்பார் விடுத்த ஒரு நிரல், அக்கால இணையத்திலே தன்னைத்தானே பெருக்கிப் பல்லாயிரங் கணினிகளை முடக்கிற்று. அந்நாளில் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லவும் பொது நிலையம் ஒன்று இருந்ததில்லை. சில நாட்களுக்குள் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமாகிய டார்ப்பாவின் பொருளுதவியுடன் பிற்ஸ்பேர்க் நகரின் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. சேர்ட் என்பது அதன் பெயர். வழுவைக் கண்டவர் அந்நிலையத்துக்கு அறிவிப்பர். நிலையம் மென்பொருளை ஆக்கியவரைத் தேடிப்பிடித்துத் திருத்தச் செய்யும். பின்னர் 1999 இல், ஒரே வழுவைப் பலர் பல பெயராற் சுட்டும் குழப்பம் நீங்கும் பொருட்டு, ஆண்டும் இலக்கமுங் கொண்ட பொதுப் பெயர்ப் பட்டியல் ஒன்றை மைற்றர் நிறுவனம் தொடங்கிற்று. அதற்கும் பொருளுதவி செய்தது அமெரிக்க அரசே.

நிலையமும் பட்டியலும் அமைத்தல் எளிது. அறிவிக்க வருவாரின் அச்சத்தைப் போக்குதல் அரிது. வழு உண்டென்று காட்டுதற்குப் பெரும்பாலும் அதனைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். அமெரிக்காவின் 1986 ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டமோ அனுமதியின்றிக் கணினியுட் புகுவதைக் குற்றமென்கின்றது. எனவே நல்லெண்ணத்தோடு வந்தவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம். 2021 ஒக்டோபரில் மிசூரி மாநிலத்தில் நிகழ்ந்ததை ஆசிரியர்களாகிய வாசகர் சிறப்பாக நோக்குவாராக. அம்மாநிலக் கல்வித் திணைக்களம் ஆசிரியரின் தகைமைகளை எவரும் பார்த்தறியுமாறு ஓர் இணையத்தளத்தை அமைத்திருந்தது. அப்பக்கங்களின் மூலக் குறியீட்டிலே, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியரின் சமூகப் பாதுகாப்பு இலக்கங்கள் அடங்கியிருத்தலைச் சென். லூயிஸ் நகரப் பத்திரிகையாளர் ஒருவர் கண்டார். மூலக் குறியீட்டைப் பார்த்தற்குப் பூட்டு எதனையும் உடைக்க வேண்டியதில்லை. எந்த உலாவியும் அதனைக் காட்டும். பத்திரிகை முதலில் திணைக்களத்துக்கு அறிவித்து, அது திருத்தப்படும் வரையும் செய்தியை வெளியிடாது வைத்திருந்தது. ஆளுநர் மைக் பார்சனோ அப்பத்திரிகையாளரைக் கணினி ஊடுருவி எனக் கூறி, வழக்குத் தொடரப்படும் என அறிவித்தார். கதவு திறந்து கிடக்கின்றதென ஓடிவந்து சொன்ன அயலவனைக் கள்வனெனக் கட்டிவைத்தமைக்கு இஃது ஒப்பாகும். 2022 பெப்ரவரியில் அரச வழக்குத்தொடுநர் வழக்கில்லையெனக் கைவிட்டார். எனினும் இடைப்பட்ட நான்கு மாதத்தில் இதனைக் கேள்வியுற்ற வேறெத்தனை பேர் தாம் கண்டதைச் சொல்லாது வாய்மூடினர் என்பதை யார் கணக்கிடுவார்?

இவ்வச்சத்தை முறைப்படி நீக்க முன்வந்த அரசுகளுள் நெதர்லாந்து குறிப்பிடத்தக்கது. 2013 ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய இணையப் பாதுகாப்பு நிலையம் ஒரு நெறியை வெளியிட்டது. கண்டதை விரைந்து அறிவிக்குக. வழுவை மெய்ப்பிக்க வேண்டிய அளவுக்கு மேற் செல்லற்க. திருத்தம் முடியும் வரை பிறர்க்கு உரையற்க என்பன அறிவிப்பார்க்குரிய கடமைகள். குறித்த காலத்துள் மறுமொழி தருதலும் அவர்மேல் முறைப்பாடு செய்யாதிருத்தலும் பெறுவார்க்குரியன. நன்றிப் பரிசாக அவ்வரசு அனுப்புவது ஒரு ரீ சேட். அரசின் கணினியை ஊடுருவியும் தமக்குக் கிட்டியது இந்த அற்பச் சட்டை மாத்திரமே என்னும் கருத்துடைய வாசகம் அதன்மேற் பொறிக்கப்பட்டுள்ளது. பெருந்தொகைப் பரிசிலினும் அச்சட்டையை விரும்பி வழுத் தேடுவாரும் உளர் என்பது வியப்பன்று; அங்கீகாரத்துக்கு மயங்காதார் எவர்?

அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சு பணப்பரிசில் வழியை மேற்கொண்டது. 2016 ஏப்பிரல், மே மாதங்களிலே பென்ரகனின் சில இணையத்தளங்களைச் சோதிக்குமாறு பொதுமக்களை அழைத்தது. 1,400 பேருக்கு மேற் பதிவு செய்தனர்; 138 வழுக்கள் மெய்யென ஏற்கப்பட்டன; முழுச் செலவு ஏறத்தாழ 150,000 டொலர். உயர்தரப் பாடசாலையில் அவ்வாண்டு படிப்பை முடித்த பதினெட்டு வயது மாணவர் ஒருவரும் வழுக் கண்டோருள் இருந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே, பரிசில் இல்லாவிடினும் எவரும் எக்காலத்தும் அறிவிக்கத்தக்க நிரந்தர வழியொன்று திறக்கப்பட்டது.

இவற்றினும் முக்கியமானது 2020 செப்டெம்பர் 2 ஆந் திகதி அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகவரகமாகிய சிசா விடுத்த பணிப்புரை. சமஷ்டி அரசின் குடிசார் திணைக்களம் ஒவ்வொன்றும் 180 நாட்களுள் அறிவிப்பு நெறியொன்றை வெளியிடல் வேண்டும் என அது விதித்தது. அதன் தடைகளே எம் கவனத்தை ஈர்ப்பவை. அறிவிப்பவரின் பெயர் முதலிய சொந்த விபரங்களைக் கட்டாயமாகக் கேட்டலாகாது. அமெரிக்கக் குடிகள் மாத்திரமே சோதிக்கலாம் எனக் கட்டுப்படுத்தலாகாது. நல்லெண்ணத்தோடு நெறிக்கு அமைந்து நடந்தவர்மேற் சட்ட நடவடிக்கையை நாடலாகாது. நியாயமான கால அவகாசங் கேட்கலாமேயன்றி, அவர் பிறர்க்கு உரைப்பதை என்றென்றைக்கும் தடுத்தலாகாது. இறுதியாக, இங்ஙனம் வந்த அறிவிப்பு எதனையும் வழு நலன் சீர்தூக்கும் முறைமை எனப்படும் செயன்முறைக்கு அனுப்பலாகாது.

இக்கடைசித் தடை ஏன் வேண்டப்பட்டது என்பதிலேயே இப்பொருளின் உயிர்நிலை அடங்கியுள்ளது. அரசு காவலன் மாத்திரமன்று, ஒற்றனுமாம். ஒரு வழுவைத் திருத்தினால் மக்கள் காக்கப்படுவர். திருத்தாது மறைத்தால் பிறநாட்டுக் கணினியுட் புகுதற்கு அதுவே கருவியாகும். தன் கைக்கு வந்த வழுவை ஆக்கியோர்க்கு உரைப்பதா, ஒளித்துவைப்பதா எனத் திணைக்களங்கள் கூடி முடிவு செய்தற்கே மேற்கூறிய முறைமை அமைந்தது. அதன் விதிகள் 2017 நவம்பரில் வெளியிடப்பட்டன. அதற்கு ஆறு மாதம் முன்னர், 2017 மே 12 இல், வன்னாகிறை என்னும் நச்சு நிரல் 150 நாடுகளுக்கு மேற் பரவி, பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் வைத்தியசாலைகளையும் திகைக்கச் செய்தது. அது பயன்படுத்திய கருவி அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்திலிருந்து களவுபோனதென மைக்ரோசொப்ட் நிறுவனத் தலைவர் பிராட் ஸ்மித் எழுதினார். திருத்தம் மார்ச் மாதத்திலேயே வெளிவந்ததாயினும் பலர் அதனை நிறுவியிருக்கவில்லை. ஆகவே, மக்கள் நம்பிக் கொடுத்த அறிவிப்பு ஒற்றர் கைக்குப் போகாதென்ற உறுதியை எழுத்திலே தரவேண்டியதாயிற்று.

இவ்வுறுதி எங்கணும் உண்டென்று கொள்ளற்க. சீனாவில் 2021 செப்டெம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, மென்பொருள் ஆக்குவோர் தம் ஆக்கத்தில் வழுவை அறிந்த 48 மணித்தியாலத்துள் கைத்தொழில், தகவற் றொழினுட்ப அமைச்சுக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வாண்டு நவம்பரில் அலிபாபா நிறுவனப் பொறியியலாளர் ஒருவர், உலகெங்கும் பயன்படும் லொக்4ஜே என்னும் மென்பொருளிற் பெருவழுவொன்றைக் கண்டு, அதனைப் பேணுவோராகிய அப்பாச்சி அமைப்புக்கு முறைப்படி அறிவித்தார். உலகம் அதற்காக அவருக்கு நன்றி கூறிற்று. சீன அமைச்சோ, தனக்கு உடன் அறிவிக்கவில்லையெனக் கூறி, அந்நிறுவனத்தின் மேகக் கணிமைப் பிரிவுடன் கொண்டிருந்த தகவற் கூட்டுறவை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தது.

ஐரோப்பிய ஒன்றியமும் 2024 இல் ஒரு சட்டம் இயற்றிற்று. பகைவர் கையாளத் தொடங்கிவிட்ட வழுவை, ஆக்கியோர் அறிந்த 24 மணித்தியாலத்துள் அரச நிலையங்களுக்கு அறிவித்தல் வேண்டும் எனவும், அக்கடமை 2026 செப்டெம்பர் 11 முதல் தொடங்கும் எனவும் அது விதிக்கின்றது. திருத்தம் ஆயத்தமாகுமுன் பல அரசுகளின் கைக்கு வழுவின் விபரம் போதல் ஆபத்தென வல்லுநர் பலர் 2023 இற் பகிரங்கக் கடிதம் எழுதினர். அதன்பின் நிறைவேறிய சட்டம், தக்க காரணமிருப்பின் முதலிற் பெற்ற நிலையம் அதனை ஏனைய நாடுகளுக்குப் பரப்புவதைத் தாமதிக்க இடந்தந்தது. எனினும் அக்காரணம் தக்கதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு அந்நிலையத்தினிடமே விடப்பட்டுள்ளது.