மனப்புண்ணுக்கு மருந்து கண்ட பாதிரியார்

குயிலாப்பாளையம், விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில் உள்ள ஊர். செம்மண் பூமி. முந்திரித் தோப்புகள் நிறைந்த பகுதி. கிழக்கே போனால் வங்கக் கடல். கரையை ஒட்டி மீனவர் குப்பங்கள்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை. காலை நேரத்தில் கடல் பொங்கி எழுந்தது. குப்பங்களுக்குள் புகுந்தது. அன்று தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

அலை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. ஆனால் பயம் போகவில்லை. சோறு போட்ட கடலே எமனாக வந்ததைக் கண்ட பெண்கள் என்ன செய்வார்கள்? யாரிடம் சொல்லி அழுவார்கள்?

குயிலாப்பாளையத்தை அடுத்த ஆரோவில்லில் "உபாசனா" என்ற ஆடைத் தயாரிப்புக் கூடம் உண்டு. அதை நடத்துபவர் உமா பிரஜாபதி. அங்கே வெட்டி மீந்த துண்டுத் துணிகளை மீனவப் பெண்கள் கையில் கொடுத்தார்கள். கட்டை விரல் அளவில் ஒரு குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். அதற்குச் "சுனாமிகா" என்று பெயர். அது விற்பனைக்கு அல்ல. இனாமாகக் கொடுக்கப்படும் பொம்மை. விரும்பியவர்கள் தரும் நன்கொடையில் பெண்களுக்குக் கூலி கிடைத்தது. பல லட்சம் பொம்மைகள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தன.

வீடு போனவருக்குப் பொம்மையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதில் ஒரு வைத்தியம் இருக்கிறது. வாய் பேச முடியாதபோது கை பேசும் என்பதே அந்த வைத்தியம். இதே வைத்தியத்தை, இதே கடலின் இன்னொரு கரையில், எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் கையாண்டார். அவர் பெயர் பால் சற்குணநாயகம்.

ரத்தம் சிந்திய ஊர்

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிறது மட்டக்களப்பு. தமிழர்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் பகுதி. இருவர் பேசுவதும் தமிழ்தான். பாதிரியாரும் தமிழர். இயேசு சபைத் துறவி.

அங்கே 1990-ம் ஆண்டு பயங்கரமான ஆண்டாக இருந்தது. ஆகஸ்டு 3-ந் தேதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமான முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 9-ந் தேதி, சத்துருக்கொண்டானில் நூற்றுக்கும் அதிகமான தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் அடக்கம்.

துறவிகளையும் அந்தத் துயரம் விடவில்லை. யூஜின் ஹீபர்ட் என்பவர் அமெரிக்கப் பாதிரியார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இலங்கையில் உழைத்தவர். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து கற்றுக் கொடுத்தவர். அந்த ஆகஸ்டு 15-ந் தேதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்று, வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். கூட ஒரு தமிழ் இளைஞரும் வந்தார். இருவரும் வந்து சேரவே இல்லை. இன்றுவரை தகவல் இல்லை.

இப்படி ஓர் ஊரில் குழந்தைகள் எப்படி வளரும்?

கண்ணுக்குத் தெரியாத காயம்

காலில் அடிபட்டால் ரத்தம் வரும். கட்டுப் போடலாம். மனத்தில் அடிபட்டால் வெளியே தெரியாது. இலங்கைத் தமிழர் இதை "மனவடு" என்று சொல்வார்கள்.

இந்தக் காயம் எப்படி வேலை செய்கிறது? ஆபத்து வரும்போது உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. நெஞ்சு படபடக்கும். காது கூர்மையாகும். ஓடவோ எதிர்க்கவோ கைகால் தயாராகும். ஆபத்து நீங்கியதும் இது தணிய வேண்டும். சிலருக்குத் தணிவதில்லை. பட்டாசு வெடித்தால் நடுங்குவார்கள். இரவில் கெட்ட கனவு கண்டு அலறுவார்கள். பெரிய பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கும். சிலர் பேச்சையே குறைத்து விடுவார்கள். வீட்டார் இதைப் "பேய் பிடித்தது" என்றோ, "பிடிவாதம்" என்றோ நினைப்பது உண்டு.

முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே இருந்த சிப்பாய்கள் பலர் இப்படி ஆனார்கள். 1915-ல் இங்கிலாந்து டாக்டர் சார்லஸ் மையர்ஸ் இதைப் பற்றி எழுதினார். ஆனால் 1980-ம் ஆண்டில்தான் அமெரிக்க மனநல வைத்தியர்கள் இதைத் தனி நோயாகத் தங்கள் புத்தகத்தில் சேர்த்தார்கள்.

பாவசங்கீர்த்தனம் போதாது

கத்தோலிக்கக் குருவிடம் ஜனங்கள் மனம் திறப்பது புதிதல்ல. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது. ஆகவே நம்பிக்கை உண்டு.

ஆனால் அங்கே வருகிறவர் தாம் செய்த தவறைச் சொல்லுகிறார். அடிபட்டவரோ, தமக்குப் பிறர் செய்த கொடுமையைச் சொல்ல வேண்டும். அவரிடம் பாவம் இல்லை. மன்னிப்பும் தேவையில்லை. பொறுமையாகக் கூட இருக்க ஒருவர் தேவை. இதற்கு இரக்கம் மட்டும் போதாது. பயிற்சியும் வேண்டும்.

சற்குணநாயகம் அடிகளார் மனோதத்துவம் முறையாகக் கற்றவர். மட்டக்களப்பில் ஆற்றுப்படுத்தும் நிலையம் நடத்தினார். உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆனால் குழந்தைகளுக்கு என்ன செய்வது? எட்டு வயதுப் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து "நடந்ததைச் சொல்" என்றால் சொல்லுமா?

தோட்டம் பிறந்தது

அந்த நேரத்தில் கனடா நாட்டு ஓவியர் ஒருவர் மட்டக்களப்புக்கு வந்தார். அவர் பெயரும் பால்தான். பால் ஹோகன். டொராண்டோ நகரில் உடல் ஊனமுற்ற குழந்தைகளின் வைத்திய நிலையத்தில், விளையாட்டும் சித்திரமும் கலந்த ஒரு தோட்டம் அமைத்தவர். அதே மாதிரி இங்கே ஏன் ஒன்று வைக்கக் கூடாது?

1996-ம் ஆண்டு தோட்டம் பிறந்தது. "வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா" என்று பெயர் வைத்தார்கள். அப்போது போர் ஓயவில்லை. வழியெங்கும் சோதனைச் சாவடிகள். அதைக் கடந்து குழந்தைகள் பஸ்ஸில் வந்தார்கள். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் ஒன்றாக வந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் என்று மாதக் கணக்கில் வந்தார்கள்.

அங்கே மருந்து என்ன? களிமண், வர்ணம், முகமூடி, பொம்மலாட்டம், கதை, பாட்டு, செடி, கொடி, வளர்ப்புப் பிராணிகள். அவ்வளவுதான். அங்கே மதப் பிரசங்கம் கிடையாது. "உன் அப்பாவுக்கு என்ன ஆயிற்று?" என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. குழந்தை களிமண்ணைப் பிசையும். ஒரு வீட்டைச் செய்யும். அதை உடைக்கும். மறுபடி செய்யும். மனத்தில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கைவழியே வெளியே வரும். பேசத் தோன்றும்போது கேட்க, பக்கத்தில் ஒருவர் இருப்பார்.

அந்த ஒருவர் யார்? உள்ளூர் இளைஞர்கள். அவர்களும் அதே போரில் அடிபட்டு வளர்ந்தவர்கள். காயம் பட்டவரே காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. காத்தான்குடியைப் பற்றியும் சத்துருக்கொண்டானைப் பற்றியும் பெரியவர்கள் பேசினால் கோபம் மூளும். குழந்தைகள் சேர்ந்து ஒரு படகு செய்தால் சிநேகம் மூளும். எதிரி என்று கேள்விப்பட்டவன், பக்கத்தில் உட்கார்ந்து வர்ணம் குழைத்தான்.

2004-ல் சுனாமி மட்டக்களப்புக் கரையையும் அடித்தது. இலங்கையில் மாண்டவர்கள் 30 ஆயிரம் பேருக்கு மேல். போரில் தப்பிய குடும்பங்கள் பல கடலுக்குப் பலியாயின. அப்போது அந்த ஊரில் ஆற்றுப்படுத்தத் தெரிந்த இளைஞர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த உதவிக் கூட்டம் சில மாதங்களில் திரும்பிவிடும். உள்ளூரில் பழக்கிய கை அங்கேயே இருக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நம் வீடுகளிலும் விபத்து நடக்கிறது. தீப்பிடிக்கிறது. புயல் அடிக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனைக் கண்டு குழந்தைகள் நடுங்குகின்றன. அப்போது என்ன செய்வது?

"எல்லாவற்றையும் சொல்" என்று வற்புறுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட கைநூலும் இதைத்தான் சொல்கிறது. "மறந்து விடு" என்றும் அதட்டாதீர்கள். மறக்க முடியாததுதான் நோய். அவர் சொல்ல வரும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம், கைக்கு ஒரு வேலை, பக்கத்தில் ஒரு துணை. குழந்தையானால் விளையாட விடுங்கள்.

ஒரு மாதம் ஆகியும் கெட்ட கனவும் நடுக்கமும் நிற்கவில்லையா? மாவட்ட அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் அரசாங்கத்தின் இலவச ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும். இதில் வெட்கம் எதற்கு? கால் முறிந்தவன் கட்டுப் போட வெட்கப்படுகிறானா?

இலங்கையில் போர் 2009-ல் முடிந்தது. பூங்காவில் களிமண் பிசைந்த குழந்தைகள் இன்று பெரியவர்கள். பிள்ளை பெற்றவர்களும் அவர்களில் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் இரவில் பயந்து அழுதால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கேள்வி கேட்க மாட்டார்கள். பக்கத்தில் உட்காருவார்கள்.