செம்மறி ஈரலில் சேரும் செம்பு

மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டது 1896-இல். அன்று முதல் தோட்டத்துக்கு ஓயாமல் செலவு வைப்பது களைதான். சோடியம் ஆர்சனைட் அடித்த காலத்தில், அந்தப் புல்லை மேய்ந்த மாடுகள் செத்தன. 1970-களில் மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மரத்தடியில் செம்மறி மேய்த்துப் பார்த்தது. களை குறைந்தது, கறியும் கிடைத்தது. நல்ல வழிதான். ஆனால் மரம் நிழல் கட்டியதும் புல் அற்றுப்போனது; தீவனத்தொட்டிக்குச் செம்பனை விதைப் புண்ணாக்கு வந்தது.

நாட்டு ஆலைகளில் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் கிடைக்கும் சரக்கு இது. புரதம் 14 முதல் 18 விழுக்காடு. கூடவே கிலோவுக்கு 20 முதல் 30 மி.கி. செம்பும் இருக்கிறது. மாடு கிலோ தீவனத்தில் 40 மி.கி. வரை தாங்கும், செம்மறிக்கு எல்லை 15. செம்பைக் கழிக்கத் தெரியாத உடம்பு அதற்கு. ஈரலில் மாதக்கணக்கில் சேர்த்துவைக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. லாரியில் ஏற்றிய அலைச்சலில் ஒருநாள் அத்தனையும் இரத்தத்தில் கொட்டும். கண் மஞ்சளிக்கும், மூத்திரம் காப்பி நிறமாகும், ஓரிரு நாளில் ஆடு போய்விடும்.

அதற்கு முன்பே அறுத்தால்? கறியில் பயமில்லை: 100 கிராமில் 0.1 மி.கி. அளவுதான். ஈரல் கணக்கு வேறு. நஞ்சேறிய ஈரலின் உலர் எடையில் கிலோவுக்கு 1,000 மி.கி. செம்பு இருக்கலாம். பச்சை ஈரலில் பத்தில் ஏழு பங்கு நீர் என்று கழித்தால் கிலோவுக்கு 300. நூறு கிராமுக்கு 30. பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவை 0.9 மி.கி., உச்ச வரம்பு 10. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு வரம்பு 3. இரத்தம் ஊறட்டும் என்று மிளகு போட்டு வதக்கிப் பிள்ளைக்குத்தான் முதலில் ஊட்டுகிறோம். 25 கிராம் துண்டிலேயே 7.5 மி.கி. வந்துவிடுகிறது. ஒருவேளைச் சாப்பாட்டில் கேடு வராமல் போகலாம். வாரந்தோறும் ஊட்டும் வீட்டுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

 

புண்ணாக்கை விலக்கச் சொல்லவில்லை. மலாக்காவின் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ பத்து ஆடு வளர்ப்பவருக்கு அது கட்டுப்படியாகும் தீவனம். செம்மறிக்கு அதை 30 விழுக்காட்டுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். புண்ணாக்கில் 25, புல்லில் 8 என்று வைத்தால் கலவையில் கிலோவுக்கு 13.1 மி.கி. பாதிக்குப் பாதி கலந்தால் 16.5, எல்லை தாண்டிவிடும். தீவன மூட்டையில் புரதத்தின் அளவை அச்சிடுவதுபோல் செம்பின் அளவையும் அச்சிட்டால், இந்தக் கூட்டலை வளர்ப்பவரே போட்டுக்கொள்வார்.