பை சுமந்தவனும் சட்டமும்

மாரமங்கலத்திலிருந்தும் அதைச் சூழ்ந்த சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும், காப்பித் தோட்ட வேலை குறைந்த மாதங்களில் கூலி தேடிச் சேலத்துக்கும் அதற்கப்பாலும் செல்லுகிற வாலிபர்களிடம், 'இந்தப் பையை ரயிலில் கொண்டுவந்து சேர்த்தால் போதும்' என்று எவனேனும் ஆசை காட்டுவானாயின், அந்தப் பையின் எடையே தங்கள் ஆயுளில் எத்தனை வருஷம் சிறையில் கழியும் என்பதை நிர்ணயிக்கும் என்ற உண்மையை அவர்கள் முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும். ஆந்திரத்து விசாகப்பட்டினம் மலைப்பக்கத்துக் கஞ்சா சேலம் ஜங்ஷனில் பிடிபடுவது பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தியே. பையில் இருந்தது இன்னதென்று தெரியாது என்று சொன்னால் மட்டும் விடுதலை கிட்டாது. அறியாமையை நிரூபிக்கும் பாரத்தைப் போதைப்பொருள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு குற்றஞ்சாட்டப்பட்டவன் தலையிலேயே சுமத்துகிறது.

1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம், ஹெராயின் விற்றவனுக்கு, அது எவ்வளவு சொற்பமாயினும், பத்து வருஷத்துக்குக் குறையாத சிறைவாசம் விதித்தது. 2001-இல் வந்த திருத்தமே அளவுக்கேற்ற தண்டனையைப் புகுத்தியது. இன்று கஞ்சா 1 கிலோவுக்குக் குறைந்தால் ஒரு வருஷம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. 20 கிலோவுக்கு மேற்பட்டால் பத்து முதல் இருபது வருஷம், அத்துடன் ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். இடைப்பட்டதற்குப் பத்து வருஷம் வரை.

பெருவியாபாரியை அச்சுறுத்தக் கடுந்தண்டனை அவசியம் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆயினும், முதலீடு செய்து வியாபாரத்தை நடத்துகிறவனுக்கு 27ஏ பிரிவு விதிக்கும் அதே பத்து முதல் இருபது வருஷம், சில நூறு ரூபாய்க் கூலிக்கு மூட்டை சுமந்தவனுக்கும் விதிக்கப்படுவதும், தண்டனையைக் குறைந்தபட்சத்துக்கு மேல் உயர்த்துவதற்கான காரணங்களை 32பி பிரிவில் வரிசையாக எடுத்துரைக்கும் சட்டம், அதற்குக் கீழே இறங்குவதற்கு நீதிபதிக்கு ஒரு வழியும் விடாதிருப்பதும், நியாயத்தின் தராசில் பொட்டலத்தை மட்டும் நிறுத்து மனிதனை நிறுக்க மறந்த குறையென்றே கருதுகிறேன். போதைக்கு அடிமையாகிச் சிறிதளவோடு பிடிபட்டவனுக்கேனும் இரண்டு வாசல்கள் உண்டு. அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ அவன் தானாக முன்வந்து சிகிச்சையை முழுதும் பெற்றால், 64ஏ பிரிவு அவனை வழக்கினின்றே காக்கும். குற்றம் ருசுவான பின்பும், 39-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பாமல், அவன் சம்மதத்துடன் சிகிச்சைக்கு விடுவிக்கலாம். அடிமையாகாமல், வறுமையினால் விற்ற பத்தொன்பது வயதுப் பையனுக்கோ 33-ஆம் பிரிவு நன்னடத்தை விடுதலையையும் மறுக்கிறது. திருந்தக்கூடிய வயதில் இவ்வாசல் அடைபட்டிருப்பது பெருந்துயரம். பாராளுமன்றம் இதைத் திருத்த வேண்டும்.

கைதானவனுக்குள்ள உரிமைகளும் அற்பமானவையல்ல. உடலைச் சோதிக்குமுன், மாஜிஸ்திரேட்டு அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கோரலாம் என்பதை அவனுக்கு அறிவிக்க வேண்டும். பைச் சோதனைக்கு இது பொருந்தாது. பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும். அதிகாரிகள் 67-ஆம் பிரிவின்கீழ் எழுதி வாங்கும் ஒப்புதலைக் கொண்டு தண்டிக்கலாகாதென்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற மேல்முறையீட்டில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூவும் காயும் சேராத தனி இலை சட்டப்படி கஞ்சாவாகாதாகையால், எடைபோட்டது எதை என்பதை வக்கீல் அவசியம் கேட்க வேண்டும்.

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரும், எவ்வினத்தவராயினும் பெண்களும், காவலில் உள்ள யாவரும், வருமானக் கணக்கின்றி இலவச வக்கீலுக்கு உரியவர்கள். சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம். போதையினின்று மீளச் சிகிச்சை வேண்டுவோர்க்கு எண் 14446.