வாய்ச்சொல்லே சுற்றறிக்கை

உளவுத்துறையிலிருந்து ஆட்சிக்கு வந்தவர்கள் என்றால் எகிப்தின் அல்-சிசியைச் சொல்வார்கள். இராணுவப் புலனாய்வுத் தலைவராக இருந்தவர், 2012இல் பாதுகாப்பு அமைச்சர், 2014இல் ஜனாதிபதி. நம் இலங்கையில் அந்தப் பாதைக்குக் கிட்ட வந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. புலனாய்வுத் தலைவராக அவர் இருந்ததில்லை. ஆனால் 2005 முதல் 2015 தொடக்கம் வரை பாதுகாப்புச் செயலாளராக அவர் இருந்தபோது முப்படையும் புலனாய்வும் அவர் சொற்படிதான் நடந்தன.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே, ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போவதாக அவர் சொல்லிவிட்டார். தான் கட்டிய உளவு வலையை அப்போதைய நல்லாட்சி அரசு கலைத்துவிட்டது என்பதே வாதம். தெற்கில் அது எடுபட்டது. நவம்பரில் 69 லட்சம் வாக்குகள், 52.25 வீதம். வடக்கு, கிழக்குக்கு வெளியே நுவரெலியா மாவட்டம் மட்டும் எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாச பக்கம் நின்றது. 1,000 ரூபாய் நாட்சம்பள வாக்குறுதியும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் ஆதரவும் இருந்தும் மலையகம் அசையவில்லை.

ஆணையிட்டுப் பழகியவருக்கு ஆலோசனை கேட்பது இலேசில் வராது. 2020 செப்டெம்பரில் பதுளை மாவட்டம் ஹல்துமுல்லைக்குப் போனவர், தன் வாய்மொழி உத்தரவையே சுற்றறிக்கையாக எடுத்துக்கொள்ளும்படி அதிகாரிகளிடம் சொன்னார். கேட்டவர்களுக்கு அன்று அது சுறுசுறுப்பாகத்தான் பட்டிருக்கும். அடுத்த மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. விவசாய நிபுணர்கள் எச்சரித்தார்கள்; தேயிலைத் துறையினரும் எச்சரித்தார்கள். பலனில்லை.

நானுஓயாப் பக்கத்து மலைகளில் இதன் கணக்கு கொழுந்துக் கூடையில்தான் போடப்படும். சம்பள நிர்ணயச் சபை வழியாக 1,000 ரூபாய் 2021 மார்ச்சில்தான் வந்தது. கூடவே, பறிக்க வேண்டிய கிலோவைத் தோட்ட நிர்வாகங்கள் கூட்டுகின்றன என்ற முறைப்பாடும் வந்தது. தேயிலைச் செடி யூரியாவை நம்பித் துளிர்க்கிறது. உரம் குறைந்தால் கொழுந்து குறையும், கிலோ சேராது, நிறுவையில் அரைப்பேர்தான் விழும். அரைப்பேருக்கு அரை நாட்சம்பளம். ஆயிரம் என்று சொன்னது கைக்கு வரும்போது ஐந்நூறு. சம்பளத்தை உயர்த்தியதும் அவர் ஆட்சிதான், கொழுந்தைக் குறைத்ததும் அவர் ஆட்சிதான்.

தடை அந்த ஆண்டு முடிவதற்குள் தளர்ந்தது. ஆனால் டொலர் இல்லாத நாட்டில் உரம் எட்டாத விலைக்குப் போயிருந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. அதற்குள், 2022 ஜூலையில், மக்கள் போராட்டத்தால் அவர் விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் பறந்து, சிங்கப்பூரிலிருந்து இராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டார்.