ரகசியச் சங்கம்... ஆனா அடையாளம் கூரை மேல! மென்டசினோ மேசானிக் ஹாலில் என்ன ஸ்பெஷல்?

ரகசியச் சடங்குகளுக்குப் பேர்போன ஃப்ரீமேசன்கள், தங்கள் தத்துவத்தை ஊரே பார்க்கிற மாதிரி கூரை உச்சியில வெச்சிருக்காங்க. இடம்: அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரையில் உள்ள மென்டசினோ கிராமம்.

ரெட்வுட் மரம் வெட்டி வளர்ந்த ஊர் இது. 19-ம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இந்த ஹாலும் மரக்கட்டடம்தான். உச்சியில் இருக்கும் சிற்பத்தை ரெட்வுட்டில் செதுக்கியவர், இந்தக் கிளையின் முதல் தலைவரான எரிக் ஆல்பர்ட்சன்.

சிற்பம் என்ன சொல்லுது?

* இறக்கை முளைத்த கிழவர்: இவர்தான் 'காலம்'. முன்னால் நிற்கும் இளம்பெண்ணின் கூந்தலைக் கோதுகிறார்.
* பெண் கையில் அகேசியா கிளை: அழியாத ஆன்மா.
* எதிரே உடைந்த தூண்: பாதியில் முடிந்த வாழ்க்கை.

கீழ்த்தளத்தில் இப்போ வங்கி இயங்குது. பணத்தைச் சேமிக்க வர்றவங்க தலைக்கு மேல, யாராலும் சேமிக்க முடியாத ஒண்ணு நிக்குது!