வெளிச்சம் காட்டும் சீனி

உம்மாவின் இரத்தப் பரிசோதனைத் துண்டில் சீனி 162 என்றிருந்தது. வெறும் வயிற்றில் எடுத்த கணக்கு. குளிசையைக் கூட்டிவிடுவார்களோ என்று உம்மாவுக்குப் பயம். "ரத்தத்தில கிடக்கிற சீனி கண்ணுக்குத் தெரியாதே மகன், அதை எப்பிடி அளக்கிறாங்க?" என்று கேட்டா. தமிழ் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன்.

அளப்பது வெளிச்சத்தை. ஒரு கிளாஸ் பிளேன்ரீயை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சாயம் லேசென்றால் வெளிச்சம் தெரியும், கடுஞ்சாயமென்றால் மங்கிப்போகும். ஆனால் எத்தனை மடங்கு கடுப்பு என்று கண் சொல்லாது. அதைச் சொல்வதுதான் ஒளிமானி. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளப்பதை நமது நூல்கள் திருசிய ஒளிமானி என்கின்றன. தமிழகத்தில் நிறமாலை ஒளிமானி. எனக்கென்னவோ இரண்டாவது சொல்தான் பிடிக்கிறது.

சீனிக்கு நிறமில்லையே? அதற்கு நிறம் கொடுக்கிறார்கள். இரத்தத்தின் தெளிந்த நீரில் நொதியங்களும் வேறு சில இரசாயனங்களும் சேர்க்க, சீனியின் அளவுக்கேற்ப இளஞ்சிவப்புச் சாயம் உண்டாகும். இளஞ்சிவப்பு, பச்சை ஒளியை உறிஞ்சும். ஆகவே 505 நனோமீற்றர் அளவிலான பச்சை ஒளியை மட்டும் அதனூடே விட்டு, மறுபுறம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கிறார்கள்.

சீனியே இல்லாத கரைசலை வைத்து முதலில் கருவியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவார்கள். அடுத்து, 100 என்று தெரிந்த கரைசல் 0.250 காட்டுகிறது என்று வையுங்கள். உம்மாவின் மாதிரி 0.405 காட்டினால் விடை 162. உறிஞ்சல் செறிவுக்கு நேர்விகிதம் என்ற இந்த விதியை 1852இல் எழுதியவர் ஜெர்மனியின் ஆகுஸ்ட் பேயர்.

சாயம் மிகக் கடுத்தால் விதி பிசகும். உறிஞ்சல் 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் கடக்கிறது; 2 என்றால் நூறில் ஒரு பங்கு. அப்போது மாதிரியை ஐதாக்கி மறுபடி அளப்பார்கள். கொழுப்பினால் இரத்தநீர் பால்போல் கலங்கியிருந்தாலும் கவனம் தேவை. ஒளி உறிஞ்சப்பட்டதா, சிதறிப்போனதா என்று கருவிக்குத் தெரியாது. குறைந்தது மட்டும்தான் தெரியும்.

இதையெல்லாம் உம்மாவுக்குச் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தா. பிறகு மெல்ல, "அண்டைக்கு ரத்தம் குடுக்க முந்தி ஒரு துண்டு தொதல் திண்டன் மகன்" என்றா.

வரும் திங்கட்கிழமை மறுபடி இரத்தம் கொடுக்கப் போகிறோம்.