புதிய இசையும் பழகிய செவியும்



புதிய பாட்டொன்று பிறந்தவுடன் இரு வேறு குரல்கள் எழுவது உலக வழக்கம். "இதுவன்றோ இசை!" என்று கொண்டாடுவர் ஒரு சாரார். "இதுவும் ஓர் இசையா?" என்று முகஞ்சுளிப்பர் மற்றொரு சாரார். முன்னவரைச் சுவைஞர் என்றும் பின்னவரைத் திறனாய்வாளர் என்றும் பிரித்துவிடுதல் எளிது. ஆயினும் அது பொருந்தாது. காரணம் கூறாத வெறுப்பு எவ்வாறு திறனாய்வு ஆகும்? நம் விருப்பும் வெறுப்பும் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

2018ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு புதிய இசைக்குழு அரங்கேறியது. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்பது அதன் பெயர். சாதியற்றோர் கூட்டு என்று பொருள் கொள்ளலாம். அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையை அடியொற்றி அமைந்த பெயர் அது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைஞர் தென்மாவும் இணைந்து 19 கலைஞர்களை ஒருங்கு சேர்த்தனர். சென்னை உழைக்கும் மக்களின் கானாவும், மேனாட்டு ராக் இசையும், ராப் எனப்படும் சொல்லிசையும் அங்கே கலந்தன. கிதாருக்கு அருகே பறையும் சட்டியும் கட்ட மோளமும் முழங்கின. அம்பேத்கரைப் பற்றியும், இட ஒதுக்கீட்டைப் பற்றியும், நகரத்து ஏழைகளின் வாழ்வைப் பற்றியும் பாடினர்.

கேட்க வந்தோர் ஆயிரக்கணக்கினர். தம் தெருவின் பாட்டு மேடையேறியதைக் கண்டு மகிழ்ந்தோர் அவர்களுள் பலர். அக்குழுவில் பாடிய இசைவாணியின் பெயர், 2020ஆம் ஆண்டில் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்மணிகளின் வரிசையில் இடம் பெற்றது.

இத்தகைய இசைக்கு எழக்கூடிய மறுப்புகள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து நோக்குவோம்.

"இசை இன்பம் தருவதற்கே, அதில் அரசியல் எதற்கு?" என்பது முதலாவது. அங்ஙனமாயின் பாரதியாரின் நாட்டுப் பாடல்களை நாம் எங்கே வைப்பது? பொருள் அரசியலாயிருப்பது குற்றமன்று. பாட்டு பாட்டாக அமையவில்லையெனில் அதுவே குற்றம்.

"கிதாரும் பறையும் ஒன்றையொன்று விழுங்குகின்றன, சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை" என்பது இரண்டாவது. இது மெய்யான திறனாய்வு. கேட்டுப் பார்த்து, எந்தப் பாட்டில் எவ்விடத்தில் என்று சுட்டிக் கூறினால், பாடுவோருக்கும் பயன் தரும்.

"பறையும் கானாவும் மேடைக்குரியன அல்ல" என்பது மூன்றாவது. இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். நம் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் நான் ஆசிரியனாய் இருந்தபோது, தொலைவில் பறையொலி எழுந்தால், "யார் இறந்தார்?" என்றே மாணவர் வினவுவர். தாளத்தின் நயத்தை வியந்தவர் அரியர். கானாவும் சாவு வீட்டில் இரவெல்லாம் பாடப்பெற்று வளர்ந்ததே. கருவியைக் கேட்குமுன் அதைக் கையில் ஏந்துபவன் யார் என்று பார்க்க நம் செவி பழகியிருக்கிறது. அவ்வாறாயின் முகஞ்சுளிப்பது இசையறிவா, சாதியுணர்வா? 2012ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் இம்மாவட்டத்திலேயே, நாயக்கன்கொட்டாய்க்கு அருகில் மூன்று ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளில் வீடுகள் தீக்கிரையாயின. அத்தகைய மண்ணில் வாழும் நாம் இவ்வினாவைத் தட்டிக் கழித்தல் ஆகாது.

கருவியின்மேல் தவறான எண்ணம் கொள்வது கற்றோரையும் விட்டதில்லை. இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971ஆம் ஆண்டில்தான் அத்தடை தளர்ந்தது. நம் இசையின் நுண்ணிய அசைவுகளை அது காட்டாது என்பது அன்று கூறிய காரணம். அக்காரணத்தில் உண்மையும் உண்டு. ஆயினும் அந்த ஆண்டுகளிலெல்லாம் நம் தெருக்கூத்து மேடையில் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டே இருந்தது. விடியும் வரை மக்கள் அமர்ந்து கேட்டனர்.

கொண்டாடுவோருக்கும் ஒரு சொல். நோக்கம் உயர்ந்தது என்பதற்காகவே எல்லாப் பாட்டும் சிறந்தது என்று கைதட்டுவது கலைஞனுக்குச் செய்யும் உதவி ஆகாது. "நல்ல கருத்து" என்று பாராட்டிவிட்டுத் தாளத்தையும் குரலையும் கவனியாது போவதும் ஒருவகைப் புறக்கணிப்பே. சமமாக மதிப்பது என்றால், மற்றக் கலைஞரை ஆராய்வது போலவே இவரையும் ஆராய்வதாகும்.

ஆதலின், இளைஞர்களே, புதிய இசை எதுவாயினும் முதலில் முழுமையாகக் கேளுங்கள். பின்னர்ப் பாடுவோர் யார் என்பதை மறந்து மீண்டும் ஒருமுறை கேளுங்கள். அதன் பின்னும் பிடிக்கவில்லையெனில் தயங்காமல் கூறுங்கள், காரணத்தோடு கூறுங்கள். அக்காரணம் பாட்டினுள் இருக்கிறதா, நம் வளர்ப்பினுள் இருக்கிறதா என்பதையும் உடன் எண்ணிப் பாருங்கள்.